இஸ்திரி போட்ட கைக்குட்டை

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பயம் என்று நினைக்க வேண்டாம். எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டுத் தேடி வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாள் மனசுல வெச்சிருந்ததை ஓப்பன் பண்ணிட்டீங்களேம்மா, தேங்க்ஸ்" என்று சொல்லிவிடுவார். சொல்லும்போது கண் கலங்கும். அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அவரிடம் எப்போதும் இரண்டு கைக்குட்டைகள் இருக்கும். ஒன்று பேன்ட் பாக்கெட்டில் கசங்கிக் கிடக்கும். வியர்வை துடைக்க, சாப்பிட்டுக் கை துடைக்க. இன்னொன்று ஜிப்பா பையில் இருக்கும். வெள்ளைவெளேரென்று, நான்காக மடித்து இஸ்திரி போட்டது. அது கண்ணீருக்கு. யாராவது தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்ததும் அவர் கை ஜிப்பா பைக்குப் போகும். சொல்கிறவருக்கே இன்னும் அழுகை வந்திருக்காது, இவர் கை போய்விடும். காலையில் அந்தத் துணிக்கு இஸ்திரி போடும்போது, இன்றைக்கு இதில் அழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதானே போட்டிருப்பார்? இல்லை, அவர் மனைவி போட்டுக் கொடுத்தாரா? அப்படியானால் அந்த அம்மாவிடம் என்ன சொல்லிக் கேட்டு வாங்கியிருப்பார்?

கம்பெனி கம்பெனியாகப் போய், ஒன்றாக வேலை செய்கிறவர்களுக்கு நடுவே நம்பிக்கையை வளர்ப்பது அவர் தொழில். எல்லாரும் அவரை 'கோச்' என்று கூப்பிட்டார்கள். பெங்களூரில் அது புதிதாகக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கம்பெனி முளைத்த இடத்தில் சண்டையும் முளைத்தது. சண்டை முளைத்த இடத்தில் இவர் முளைத்தார்.

எங்கள் கம்பெனி தொம்மலூரில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, நாங்கள் இங்கே ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்போம். காலடியில் தையல் மெஷின் போல ஒரு பெடல் இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். எத்தனை வரி அடிக்கிறோமோ அதற்கேற்ப மாதக் கடைசியில் சம்பளத்தோடு கொஞ்சம் கூடுதலாக வரும். சில டாக்டர்கள் பள்ளிக்கூடத்து டிக்டேஷன் போல நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். ஒருவர் மட்டும் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். அவருக்கு 'சிப்ஸ் டாக்டர்' என்று பெயர் வைத்திருந்தோம். முன்னால் வருகிறவர்கள் நல்ல டாக்டர்களின் ஃபைல்களை எடுத்துக்கொண்டு, சிப்ஸ் டாக்டரைப் பின்னால் வருகிறவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் ஆரம்பித்தது சண்டை. ஒருவர் ஹெட்போனின் பஞ்சை இன்னொருவர் பிய்த்துப் போடுகிற அளவுக்கு முற்றிவிட்டது.

"ஃபைலை எல்லாம் நீங்களே வரிசையா பிரிச்சிக் குடுத்துடுங்க மேடம், சண்டையே வராது" என்று ஹெச்.ஆர். மேடத்திடம் நான் சொன்னேன்.

"அது மேலோட்டமான சொல்யூஷன். உங்களுக்குள்ள டிரஸ்ட் இல்ல, அதுதான் பிராப்ளம்" என்றார் மேடம்.

அடுத்த வாரமே இவர் வந்து இறங்கினார்.

செருப்பைக் கழற்றச் சொன்னார். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாக உட்காரச் சொன்னார். பையிலிருந்து சிவப்பு உல்லன் நூல்கண்டு ஒன்றை எடுத்தார். கண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னதும் நூலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு கண்டை எதிரே இருப்பவருக்கு எறிய வேண்டும். ஆரம்பிக்கும் முன் அவர் ஒரு வாக்கியம் சொன்னார். சொன்ன விதத்தில் சத்தியப் பிரமாணமே தோற்றுவிடும்.

"இந்த வட்டத்துல சொன்னது, இந்த வட்டத்துக்குள்ளயே இருக்கும்."

மனுஷன் கேட்பதில் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தலை ஒரு பக்கம் சாயும். கண் இமைக்காது. வாய் லேசாகத் திறந்திருக்கும். நாம் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினால், "அப்புறம்?" என்பார். அந்த 'அப்புறம்' அவ்வளவு மெதுவாக வரும். வாயில் இல்லாததையும் வரவழைத்துவிடும். ஆனால் எல்லாக் கஷ்டமும் அவருக்குப் பிடிக்காது. மஞ்சுநாத் என்று ஒரு பையன், அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த பைக் திருடுபோனதை நிஜமாகவே கலங்கிப்போய்ச் சொன்னான். இவர் "ம்" என்று மட்டும் சொல்லிக் கண்டை அடுத்தவருக்குப் போடச் சொல்லிவிட்டார். கை ஜிப்பா பைக்குப் போகவே இல்லை. வீட்டுக்குள் நடந்தது, படுக்கையறையில் நடந்தது, பெற்றவர்கள் செய்தது என்று பேச்சு திரும்பினால் போதும், மூக்கு லேசாக விரியும். பந்தியில் அடுத்து பாயசம் வருகிறது என்று தெரிந்தவர் முகம் அது.

என் முறை வந்தது. எங்கள் வீட்டில் வயிற்றுவலி என்றால்கூடப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஓமத்தண்ணீர் குடிப்பவர்கள். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து, பொம்மனஹள்ளியில் அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணியோடு எனக்கு இருந்த மனத்தாங்கலை அண்ணனிடமே சொன்னதில்லை. இவரிடமா சொல்வேன்?

"எனக்குப் பல்லின்னா பயம் சார்" என்றேன்.

"ம். இன்னும் ஆழமா போங்கம்மா."

"பெரிய பல்லின்னா இன்னும் பயம் சார்."

வட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் என் மேல் அவருக்கிருந்த ருசி அன்றோடு போய்விட்டது. பிறகு ஹெச்.ஆர். மேடம் என்னிடம், "நீங்க மனசைத் திறக்காம கொஞ்சம் குளோஸ்டா இருக்கீங்களாமே" என்று கேட்டார். வட்டத்தில் நடந்தது மேடத்துக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

இடைவேளையில் அவரைக் கீழே பேக்கரி வாசலில் பார்க்க வேண்டும். மேலே ஒரு பெண்ணின் கதைக்குத் தேம்பிவிட்டு இறங்கி வந்தவர், இடது தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் டீ, இன்னொரு கையில் முட்டை பப்ஸோடு நிற்பார். போனில் யாரோ பிளம்பரைக் கன்னடத்தில் விளாசிக்கொண்டிருப்பார். பப்ஸ் தூள் ஜிப்பாவெல்லாம் உதிரும். கசங்கிய கைக்குட்டையால் தட்டிவிடுவார். இஸ்திரி போட்டதை அதற்குத் தொட மாட்டார். எப்போது போன் வந்தாலும் அந்த இடது தோள்தான் மேலே எழும்பும். அது அவர் உடம்போடு ஒட்டின பழக்கம்.

இப்போது ஃபிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிலோ என்று கூப்பிடுவோம். விவேக் நகரில் குழந்தை இயேசு கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. பிறந்து வளர்ந்ததே பெங்களூர்தான். எனக்குப் பக்கத்து சீட். சிப்ஸ் டாக்டரை மற்றவர்கள் அவள் தலையில் கட்டும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் அடித்துக் கொடுத்துவிடுவாள். அவள் அம்மா சனிக்கிழமை தோறும் அவளை உட்கார வைத்துத் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிடுவார். திங்கட்கிழமையும் அந்த ஏ.சி. அறையில் வாசனை இருக்கும். "உங்க அம்மா உன்னைத் தாளிக்கவே போறாங்கடி" என்று கிண்டல் செய்வேன். அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எங்கே நடந்தாலும் என் இடது பக்கமாகத்தான் வருவாள். நான் மறந்துபோய் மாறி நின்றால், பேச்சை நிறுத்தாமலே சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்துவிடுவாள். ஏதோ ராசி பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்து தற்காலிகத்தில் இருந்தாள். நிரந்தரம் ஆகிவிட்டால் தங்கை நர்ஸிங் படிப்பைத் தொடரலாம். அப்பாவுக்கு வேலை போயிருந்தது. வீடு மொத்தமும் அவள் நிரந்தரம் ஆகும் நாளுக்காகக் காத்திருந்தது.

கோச் இரண்டாம் முறை வந்தபோது, நூல்கண்டு அவள் மடியில் வந்து விழுந்தது.

"எனக்கு இடது காது கேக்காது" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அதுவரை எனக்கே தெரியாது.

"அப்புறம்?" என்றார் அவர்.

"ஸ்கூல்ல பெஞ்சுல இடது ஓரமா உக்காந்துப்பேன். அப்போ எல்லாரும் என் வலது பக்கம் வந்துடுவாங்க இல்ல? அப்படியே சமாளிச்சிட்டேன். இங்க சேரும்போதும் சொல்லல."

"அப்புறம்?"

"சின்ன வயசுல ஜுரம் வந்து போச்சுன்னு வீட்ல சொல்லுவாங்க."

இதோடு விட்டிருக்கலாம். அவர் முகம் அவளுக்கு இன்னும் பக்கத்தில் வந்தது. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மூக்கு விரிந்தது.

"அப்புறம்?"

"ஜுரம் இல்ல சார். காதுவலின்னு அழுதேன். அம்மா எண்ணெய் காய்ச்சி ஊத்தினாங்க. சூடு பாக்காம ஊத்திட்டாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு அம்மா முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டு அழுதாங்க, அதையும் பாத்தேன். எனக்கு ஞாபகம் இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியாது. அவங்க ஜுரம்னு சொன்னாங்க, நானும் ஜுரம்னே சொல்லிட்டு வரேன்."

கைக்குட்டை வெளியே வந்தது. மடிப்பைப் பிரித்து, முதலில் வலது கண், பிறகு இடது கண் என்று ஒற்றிக்கொண்டார். எங்களை ஒவ்வொருவராக எழுந்து போய் ஃபிலோவின் தோளைத் தொட்டு, "நாங்க இருக்கோம்" என்று சொல்லச் சொன்னார். சொன்னோம். நூலில் ஒரு துண்டு வெட்டி அவள் மணிக்கட்டில் அவரே கட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி சொன்னே? உனக்கென்ன பைத்தியமா?"

"பாவசங்கீர்த்தனம் மாதிரிதான்டி. சாமியார்கிட்ட சொன்னா அது அங்கயே நின்னுடும். அவர் உயிரே போனாலும் வெளிய சொல்லக்கூடாது. இவரும் அதையேதானே சொன்னார், வட்டத்துல சொன்னது வட்டத்துலயேன்னு?"

"இவர் சாமியாராடி? இவருக்குச் சம்பளம் குடுக்கறது யாரு?"

"அவர் கண்ணுல தண்ணி வந்துச்சுடி. நீ பாக்கல? எங்க சாமியாருக்குக்கூட வந்ததில்ல."

சின்ன வயதிலிருந்து மாதா மாதம் முழங்காலிட்டு, பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அது ஒரு தடவையும் வெளியே வராமல் வளர்ந்தவள். வெளியே விடமாட்டேன் என்று ஒரு மனுஷன் சொன்னால் விடமாட்டான் என்று நம்பினாள். எனக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லாததால் பல்லியோடு தப்பித்தேன்.

தற்காலிகக் காலம் முடிகிற சமயத்தில் ஹெச்.ஆர். மேடம் அவளைக் கூப்பிட்டார். தனியாகப் போக பயந்து, துணைக்கு என்னையும் அழைத்துப் போனாள்.

"ஸ்வல்ப அர்த்த மாட்கொள்ளி ஃபிலோ" என்று ஆரம்பித்தார் மேடம். கொஞ்சம் புரிந்துகொள் என்று கெஞ்சுகிற மாதிரி. "ரெண்டு காதும் நல்லா இருக்கறவங்களுக்கே இந்த வேலையில காது போகுது. நாளைக்கு உங்க நல்ல காதுக்கு ஏதாவது ஆச்சுன்னா? உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். உங்களை கன்ஃபர்ம் பண்ண முடியாது."

"என் வேலையில தப்பு ஏதாவது இருக்கா மேடம்?"

"சேச்சே, வேலை நல்லா இருக்கு. கோச்தான் உங்களைப் பத்தி ரொம்பக் கவலைப்பட்டார்."

ஃபிலோ தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்பு நூல் இன்னும் இருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்றாமல் வைத்திருந்தாள்.

வெளியே வந்தபோது கோச் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மறித்தேன். "வட்டத்தை விட்டு வெளிய போகாதுன்னு சொன்னீங்களே சார்?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "போகலையேம்மா. மேனேஜ்மென்ட்டும் நம்ம வட்டம்தானே? அவங்க வேற, நாம வேறயா? நான் வட்டத்தைக் கொஞ்சம் பெருசாக்கினேன், அவ்வளவுதான்."

"அவளுக்கு வேலை போயிடுச்சு சார்."

"தெரியும்." குரல் உடைந்தது. கை ஜிப்பா பைக்குப் போனது. நடுப்படியில் உட்கார்ந்து, அந்தக் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழ ஆரம்பித்தார். "என்னாலதானேன்னு நினைக்கும்போது தாங்கல. உங்க யாருக்கும் என் வலி புரியாது."

அடுத்து நடந்ததை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். வேலை போன ஃபிலோ, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுங்க சார், அழாதீங்க. எனக்கு வேற வேலை கிடைக்கும்" என்று சமாதானம் சொன்னாள். அவர் விசும்பிக்கொண்டே, "அப்புறம்?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் கேட்டார்.

இதோடு அந்த ஆள் ஒழிந்தார் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் ஃபிலோவின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். கையில் ஒரு பை ஆப்பிள். ஃபிலோ பூசை முடிந்து பாட்டுப் பயிற்சிக்கு நின்றுவிட்டுத் திரும்பியபோது, வாசலில் இவர் செருப்பு கிடந்திருக்கிறது. உள்ளே அவள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"உள்ள நுழையும்போதே கேட்டுச்சுடி" என்று பின்னொரு நாள் கோவில் வளாகத்தில் வைத்து ஃபிலோ சொன்னாள். "'உங்க பொண்ணு உங்களை எப்பவோ மன்னிச்சிட்டாம்மா. மனசுல பாரத்தை வெச்சிக்காதீங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்'னார்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'காபிக்குச் சக்கரை போதுமா'ன்னு கேட்டாங்க."

"அப்புறம்?" என்று கேட்க வந்து, அந்தச் சொல் வாயில் வந்ததுமே அருவருத்துப்போய் நிறுத்திக்கொண்டேன்.

"அவ்வளவுதான். அவர் காபி நல்லா இருக்குன்னு சொல்லிக் குடிச்சிட்டுப் போயிட்டார். அம்மா டம்ளரைக் கழுவி வெச்சாங்க. அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நானும் பேசல."

மணிக்கட்டில் நூல் இல்லை. எப்போது அறுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஃபிலோவுக்கு அவர்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீசில் வேலை கிடைத்தது, சம்பளம் குறைச்சல்தான். தங்கை படிப்பை விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். நாங்கள் எப்போதாவது வியாழக்கிழமைகளில் கோவிலில் சந்திப்போம். அவளுக்கு ஜெபம், எனக்கு அவளைப் பார்க்கிற சாக்கு. அப்போதெல்லாம் அவள் தலைமுடி வறண்டு காற்றில் பறந்துகொண்டிருக்கும். "என்னடி, ஷாம்பு விளம்பரத்துக்குப் போறியா?" என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே என் இடது பக்கம் வந்துவிடுவாள்.

சில வருஷங்கள் போயின. நானும் கம்பெனி மாறிவிட்டேன். ஓசூர் ரோட்டில் ஒரு கால் சென்டர். கிரெடிட் கார்டுக்காரர்களிடம் திட்டு வாங்குகிற வேலை. அதில் டீம் லீடர் ஆகியிருந்தேன். ஒருநாள் டீம் லீடர்கள் எல்லாரையும் கான்ஃபரன்ஸ் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் தரையில் வட்டம். நடுவில் சிவப்பு நூல்கண்டு.

ஜிப்பா போய் கோட் வந்திருந்தது. தலைக்குச் சாயம் ஏறியிருந்தது. கோட்டின் மேல் பையில், நான்காக மடித்து, வெள்ளைவெளேரென்று அது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண் என் மேல் பட்டுத் தாண்டிப் போனது. அடையாளம் தெரியவில்லை. பல்லிக்குப் பயந்தவளை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? தாமதமாக வந்த எனக்கு அவர் பக்கத்தில்தான் இடம் காலியாக இருந்தது. அவருக்கு இடது பக்கம்.

"உங்களைப் பேசச் சொல்றதுக்கு முன்னாடி, நான் என்னைத் திறந்து வெக்கறேன்" என்று ஆரம்பித்தார். "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு இடது காது கேக்காது."

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"ஸ்கூல்ல பெஞ்சுல இடது ஓரத்துலதான் உக்காருவேன். எல்லாரும் என் வலது பக்கம் வந்துடுவாங்க இல்ல? ஜுரம்னு வீட்ல சொன்னாங்க. ஜுரம் இல்ல. எங்கம்மா... என்னைப் பெத்த அம்மா... தன் கையால காய்ச்சின எண்ணெய்."

வட்டத்தில் யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள்.

"அன்னிக்கு அம்மா முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டு அழுதாங்க. அதை நான் பாத்தேன். நான் பாத்தது அவங்களுக்குத் தெரியாது. சாகற வரைக்கும் தெரியாது."

கைக்குட்டை வெளியே வந்தது. முதலில் வலது கண், பிறகு இடது கண்.

ஃபிலோவின் அம்மாவை அவர் சாகடித்தும் விட்டார். சத்தம் போட்டிருக்கலாம், எழுந்து போயிருக்கலாம். பேக்கரி வாசலில் இடது தோளை உயர்த்திப் பிளம்பரைத் திட்டிக்கொண்டிருந்த ஆள்தான் என் கண்ணுக்குள் நின்றார். அடுத்து அவர், எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரு நிமிஷம் மௌனமாக இருக்கச் சொன்னார். ஹாலில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது. நான் கொஞ்சம் சாய்ந்து, அவருடைய இடது காதுப் பக்கம், மூச்சை விடுகிற சத்தத்தில் சொன்னேன்.

"சார், உங்க கர்சீஃப் கீழ விழுந்துடுச்சு."

சட்டென்று குனிந்து தரையைப் பார்த்தார்.

கைக்குட்டை அவர் கையிலேயே இருந்தது. குனிந்த தலையை நிமிர்த்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எதிரே இருந்தவர்கள் புரியாமல் பார்த்தார்கள். நான் எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்தக் காதுதானே சார் கேக்காதுன்னீங்க? இப்ப நான் இதுலதானே சொன்னேன்?" என்றேன்.

இப்போதாவது அந்த முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். நான்தான் பைத்தியக்காரி. அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் புதுத் தண்ணீர் ஊறியது. என் கையைப் பிடித்துத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார்.

"பாத்தீங்களா? இந்தக் காதுல இத்தனை வருஷத்துல ஒரு சத்தம் விழுந்ததில்ல. இவங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. அக்கறையோட பேசினா கேக்காத காதுக்கும் கேக்கும். இதுதான் டிரஸ்ட்!"

கை தட்டினார்கள். என்னோடு தினமும் டப்பா பிரித்துச் சாப்பிடுகிறவர்கள், டீம் லீடர்கள், படித்தவர்கள், அத்தனை பேரும் தட்டினார்கள். "ஐயோ" என்ற அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். என் கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது, ஈரமாக, கதகதப்பாக. உருவிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

அந்த வியாழக்கிழமை விவேக் நகருக்குப் போனேன். மெழுகுவத்திக் கூட்டத்தைத் தாண்டி ஃபிலோ வந்து என் இடது பக்கம் நின்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று பிறகு யோசித்ததுண்டு. அவளுடையதை ஒருவர் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். அவளுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று பட்டது. சொன்னேன். கர்சீஃப் விஷயத்தைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"முந்தானையை வாயில அடைச்சிக்கிட்டு அழுதாங்கன்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"அம்மாவுக்குத் தெரியாதுன்னு?"

"அதையும் சொன்னார். சாகற வரைக்கும் தெரியாதுன்னார்."

காற்றில் முடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

"நீ ஷாம்பு ஷாம்புன்னு கேலி பண்ணுவியே" என்றாள். "அவர் வந்துட்டுப் போன வாரம், சனிக்கிழமை வழக்கம் போல அம்மா முன்னாடி போய் உக்காந்தேன்டி. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாங்க. உள்ளங்கையில ஊத்தினாங்க. என் தலைக்கு மேல கையைக் கொண்டுவந்து, வைக்கவே இல்ல. கை ஆடிட்டே நின்னுச்சு. அப்புறம் எழுந்துபோய்க் கழுவிட்டாங்க. அன்னியிலேருந்து எனக்கு எண்ணெய் வைக்கறதில்ல. நான் மன்னிச்சிட்டேனாம், அவர் சொல்லிட்டுப் போயிட்டார். என்னைத் தொடறதுக்கே இப்ப அவங்களுக்குப் பயம்."